கேளாமல் எடுத்த துப்பாக்கி

“யன்னலைத் திறக்கட்டோ, சிஞ்ஞோரே?”

கதவு திறந்தே கிடந்தாலும் இந்திராதேவி தட்டிவிட்டுத்தான் அறைக்குள் வருவாள். தட்டை எடுக்கக் கேட்பாள். போர்வையை மடிக்கவும் கேட்பாள். யாழ்ப்பாண இழுவையோடு அவள் பேசும் இத்தாலியன் பாதிக்கு மேல் கேள்விகள்தான். சியாகுல்லியின் மந்தாரின் ஆரஞ்சுத் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் கிழவர் அவுரேலியோவுக்கு முதலில் இது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பிரான்காச்சோவிலிருந்து காலைப் பேருந்தில் வீட்டு வேலைக்கு வருவாள். மந்தாரின் சுளைக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கிழவர் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்.

மனைவி இறந்த மாரிக்காலத்தில் ஒரு நாள், அவர் வேட்டைத் துப்பாக்கியைக் குசினி மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். “பறவைகளுக்கு இனி வேண்டாம். எனக்கு ஒரு குண்டு போதும்” என்றார், நிமிர்ந்து பாராமலே.

அன்றைக்கு மட்டும் இந்திராதேவி ஒன்றும் கேட்கவில்லை. நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

மாலைக்குள் இரண்டு சீருடைக்காரர் வந்தார்கள். துப்பாக்கியை எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். கிழவர் கூடத்தின் நடுவில் நின்றபடி சுவரைப் பார்த்து, “என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்றார். அதன் பிறகு அவளோடு பேசவில்லை. மிலானோவிலிருந்து மகன் தொலைபேசியில் கத்தினான்: “என் அப்பாவைக் காட்டிக்கொடுத்தாய்!”

பேருந்தில் பக்கத்து வீட்டுச் சந்திரமதி அவள் கையைப் பிடித்தாள். “நீ செய்தது சரிதானே? பிறகேன் அழுறாய்?”

“ஓம், சரிதான். விட்டிருந்தா ஆள் இப்ப இல்லை. எண்டாலும் அவரை ஒருத்தரும் கேக்கேல்லை, அக்கா. ஊரிலை ஆமி பிடிச்ச என்ரை தம்பியையும் கேக்கேல்லை. ஆரோ இவன்தான் எண்டு தலையாட்டினான், ஏத்திக்கொண்டு போட்டாங்கள். அவன் வாய் திறக்க ஒரு இடம் கிடைக்கேல்லை.”

தன் வதிவிட அனுமதியான permesso விஷயத்துக்கே கூசிக்கூசி வரிசையில் நிற்பவள், தனக்கு வேலையில்லாத நாட்களில் காவல் அலுவலக யன்னலில் போய் நின்றாள். கிழவரை எப்போது கூப்பிட்டு விசாரிப்பீர்கள் என்பது ஒன்றே அவள் கேள்வி. மந்தாரின் பறித்து முடிகிற காலத்தில்தான் அழைப்பு வந்தது.

அதிகாரி முதலில் அவளைத்தான் விசாரித்தார்.

“நான் சொன்னது உண்மை. நீங்கள் எடுத்ததும் சரி,” என்றாள் இந்திராதேவி. “இப்ப அவரைக் கேளுங்கோ.”

அதிகாரி நாற்காலியைக் கிழவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார். அவுரேலியோ தொப்பியை மடியில் உருட்டியபடி வெகுநேரம் பேசினார். மனைவியின் கட்டிலைப் பற்றி, சமைத்த வாசனையே இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி, அன்று உண்மையிலேயே தான் என்ன நினைத்தார் என்பதைப் பற்றி. யாரும் குறுக்கிடவில்லை. கடைசியில் கிழவரே, “துப்பாக்கி இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்” என்றார்.

பின்வரிசை வாங்கில் இருந்த இந்திராதேவி சால்வையை இழுத்து முகத்தை முழுதாக மூடிக்கொண்டு, தம்பியின் பேரைச் சொல்லி அழுதாள்.