திங்கட்கிழமை பதினோரு மணிச் சங்கு

என் அண்ணி வைத்திருப்பது பெண்களுக்கான அழகு நிலையம். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி. புருவம் திருத்த வருகிறவள் இரண்டு கையாலும் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்திருக்க வேண்டும். அசைந்தால் நூல் சதையைக் கவ்விவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணி ஆரம்பிப்பாள்.

"பஸ்ல பின்னாடி அவசர வழின்னு எழுதியிருக்கே, அதை யாராவது திறந்து பார்த்திருக்கீங்களா?"

பதில் வராது.

"நான் பார்த்தேன். திறக்கல. கண்டக்டர் என்னைத்தான் திட்டினாரு. சரி, அந்தப் பக்கம் திரும்புங்க."

தெருவில் அவளுக்குப் பெயர் விசாரணைக் கமிஷன். வைத்தவன் என் அண்ணன். கட்டிக்கொண்டவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? லிஃப்டில் ஏறினால் அவசர மணியை அமுக்கி, யாராவது பேசுகிறார்களா என்று பார்ப்பாள். சினிமாவுக்குப் போனால், வெளியேறும் வழி என்று விளக்கு எரிகிற கதவை முதலில் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் இருக்கைக்கு வருவாள். அரங்கமே திரும்பிப் பார்க்கும். கூடப் போகிற எங்களுக்கு மானம் போகும். நான் அவளோடு சினிமாவுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன் நான். நகராட்சி அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலில் வேலை. ஊரார் குறையை வாங்கி, முத்திரை குத்தி, உள்ளே தள்ள வேண்டும். உள்ளே போனபின் அது என்ன ஆகிறது என்று என்னிடம் கேட்கக் கூடாது. எனக்கே தெரியாது. இப்படி ஒரு வேலையில் இருப்பவளுக்கு இப்படி ஓர் அண்ணி வாய்த்தால் நிம்மதி எங்கே இருக்கும்?

எங்கள் தெரு ஒரு குளிர்பதனக் கிடங்கின் மதிலில் போய் முட்டி நிற்கிறது. கப்பலில் வரும் மீனும் இறைச்சியும் உள்ளே மலையாகக் கிடக்கும். அவற்றை உறைய வைக்கும் இயந்திர அறையில் அண்ணன் ஆபரேட்டர். குளிரூட்ட அமோனியா வாயு. மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். கிடங்கைத் தாண்டி அந்தப் பக்கம் என் அண்ணன் மகள் படிக்கும் பள்ளிக்கூடம். வாயு கசிந்தால் எச்சரிக்க ஒரு சங்கு உண்டு. திங்கட்கிழமைதோறும் பதினோரு மணிக்கு அதை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். அது ஊதினால் மருந்துக்கடைக்காரர் டீ வாங்கி வர ஆள் அனுப்புவார், எதிர்வீட்டு அம்மா துணி காயப்போடுவாள், தெருநாய்கூடத் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். யாரும் பயப்பட்டதில்லை.

ஒரு புதன்கிழமை காலை, அண்ணி ஒரு வாடிக்கையாளருக்குத் தலை அலசிக்கொண்டிருந்தாள். மூக்கில் சுள்ளென்று ஏறியது. முடிச்சாயக் குழாயில் வருமே, அந்த நெடி. மூடி திறந்து கிடக்கிறதோ என்று தட்டு முழுக்கத் தேடினாள். எல்லாம் மூடித்தான் இருந்தன. வாசல் கதவைத் திறந்தாள். வெளியேதான் நெடி அதிகம். தொட்டியில் தலையை வைத்திருந்த பெண்மணிக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் காற்று திசை மாறி நெடி போய்விட்டது. சங்கு ஊதவே இல்லை.

அண்ணி ஈரக்கையோடு கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதால் நான் மாடிப்படியில் நின்றபடியே எல்லாம் கேட்டேன்.

"அப்படி வாசனை வந்திருந்தா சைரன் அடிச்சிருக்கும் மேடம். சைரன் அடிக்கல. அதனால வாசனை வரல" என்றது ஒரு பவ்வியமான குரல்.

"மூக்கு என்னோடது தம்பி."

"புரியுது மேடம்."

"என்ன புரியுது? சரி, சங்கு ஊதினா நாங்க எந்தப் பக்கம் ஓடணும்?"

"அதை அறிவிப்போம் மேடம்."

"திங்கக்கிழமை பதினோரு மணிக்கே கேஸ் லீக் ஆனா?"

"திங்கக்கிழமை பதினோரு மணிக்கு டெஸ்டிங் மேடம்."

"அது கேஸுக்குத் தெரியுமா?"

குரல் வேறு யாரையோ கூப்பிடப் போனது. போனது போனதுதான்.

அன்று மாலை அண்ணன் வேலையிலிருந்து வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. தூசி என்றான். அண்ணி சொட்டு மருந்தை எடுத்து வந்து ஊற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனிப் பேச்சு வீட்டுக்குள் வரக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இத்தனைக்கும் நடுவில் அந்த வீடு நடந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அண்ணி, சங்கு ஏன் ஊதவில்லை என்று கேட்டு எழுதிய மனுவோடு என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றாள். வரிசை என்றால் வரிசைதான். நாத்தனார் என்று உள்ளே தலையை நீட்டுகிற ரகமில்லை.

"அண்ணி, இதை வீட்லயே குடுத்திருக்கலாமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"வீட்ல நீ முத்திரை குத்துவியா?"

குத்தினேன். மனு உள்ளே போனது. எங்கள் அதிகாரி, வாயு எங்களைச் சேர்ந்ததில்லை, தொழிற்சாலை ஆய்வாளரைப் பாருங்கள் என்றார். ஆய்வாளர் அலுவலகத்தில், மதிலுக்கு உள்ளே மட்டும்தான் எங்கள் பொறுப்பு, தெருவுக்கு வந்துவிட்டால் தீயணைப்பு நிலையம் என்றார்கள். தீயணைப்பு நிலையத்தில் நல்ல மனிதர் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கூப்பிட்டால் வருவோம் அம்மா என்றார். யார் கூப்பிடுவார்கள் என்று அண்ணி கேட்டாள். கம்பெனி கூப்பிடும் என்றார். ஆக, சுற்றிச் சுற்றி அந்த மதிலுக்கே வந்து நின்றாள்.

கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அலைந்தாள். ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஜன்னலைத் திறந்து மோந்து பார்ப்பாள். பள்ளிக்கூடத்துக்கு மகளை அனுப்பிவிட்டு, வாசலிலேயே நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொடியில் காயும் துணிகளைப் பார்ப்பாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அதைவிட மோசம், நானும் மோந்து பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

ஒருவழியாக அவள் மனுவுக்குக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. சங்கின் ஓசையால் குடியிருப்போருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று வாராந்திரச் சோதனையை நிறுத்திவிட்டோம்.

அண்ணி சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்ன கேட்டேன், இவங்க என்ன குடுத்திருக்காங்க பாரு."

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணி சத்தமில்லாமல் போனது. தெரு அவள்மீது பாய்ந்தது. இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டாள் என்றார்கள். "உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை" என்று எதிர்வீட்டு அம்மா முகத்துக்கு நேராகவே சொன்னாள். இத்தனை வருஷம் சங்கைக் காதில் வாங்காதவர்கள், அது ஊதாத நாளில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

கம்பெனியில் மேலாளர் அண்ணனைக் கூப்பிட்டு, வீட்டை அடக்கி வைக்கத் தெரியாதா என்று கேட்டாராம். அதை அண்ணன் என்னிடம்தான் சொன்னான், அவளிடம் சொல்லவில்லை. தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அவகிட்ட கொஞ்சம் சொல்லேன்."

"நீயே சொல்லேன்" என்றேன்.

"நான் சொன்னா எல்லாத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்" என்றான். எனக்கு அது விளங்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி விடவில்லை. அவள் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஆய்வாளர் அலுவலகம் ஒரு பாதுகாப்பு விளக்கக் கூட்டம் நடத்தச் சொல்லி உத்தரவு போட்டது. கம்பெனிக்காரர்கள் சமுதாயக் கூடத்தைப் பிடித்து, திரை கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்தார்கள். தொழிலாளர்கள் கம்பெனிப் பெயர் போட்ட பனியனோடு முன்வரிசையில் உட்கார வேண்டுமென்று கட்டளை. அண்ணன் நீலப் பனியனில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் நாலு வரிசை பின்னால்.

பாதுகாப்பு மேலாளர் இளைஞர். திரையில் அம்புக்குறிகளாகப் போட்டுக் காட்டினார். அரசாங்க ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். கேள்வி உண்டா என்றதும் தெருவே திரும்பி அண்ணியைப் பார்த்தது. அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"கேஸ் கசிஞ்சா சங்குக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் ஆட்டோமேட்டிக் மேடம். சென்சார் கண்டுபிடிக்கும். அடுத்த நொடி சைரன் அடிக்கும். மனுஷன் கையே பட வேண்டியதில்ல."

கைதட்டினார்கள். "திருப்திதானே அம்மா?" என்றார் ஆய்வாளர்.

"அப்போ அன்னிக்கு ஏன் அடிக்கல?"

"அன்னிக்குக் கசிவே இல்லையே மேடம்" என்றார் மேலாளர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அண்ணி அடுத்ததைக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் முன்வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அண்ணன் எழுந்திருந்தான்.

"ஆட்டோமேட்டிக் இல்ல சார். நாங்கதான் அமுக்குறோம்."

மேலாளரின் முகம் செத்துவிட்டது. "நீங்க உக்காருங்க."

"உக்காந்துதான் சார் இருந்தேன் இத்தனை நாளா." ஆய்வாளரைப் பார்த்துப் பேசினான். "சென்சார் சும்மா சும்மா அடிச்சு வேலை நிக்குதுன்னு ஒயரைக் கழட்டிட்டாங்க. புதுசு வரும்னாங்க, வரல. இப்ப ஷிப்ட்ல இருக்கற ஆளுதான் சுவிட்சைப் போடணும். சுவிட்ச் இருக்கறது டேங்குக்குப் பின்னால சுவத்துல. அந்தப் புதன்கிழமை வால்வு கசிஞ்சது நிஜம். நான்தான் இருந்தேன். ஈரத்துணியைக் கட்டிக்கிட்டுப் போய் வால்வை மூடினேன். சுவிட்ச் வரைக்கும் போக முடியல, மூச்சு அடைச்சிருச்சு. இன்னும் கொஞ்சம் பெருசா கசிஞ்சா முதல்ல விழுறது நாங்கதான். அப்புறம் யார் சார் அமுக்குறது?"

நான் அண்ணியைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கேள்வி கேட்டே பழகிய அந்த வாய் திறந்தபடி நின்றது. ஊர் முழுக்க அலைந்து அவள் தேடிய பதில் தினமும் அவள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அதன்பிறகு கூச்சல். எதிர்வீட்டு அம்மாதான் முதலில் மேடைக்கு ஓடினாள். ஆய்வாளர், உடனே வந்து பார்க்கிறேன், நாளைக் காலை முதல் வேலை இதுதான் என்றார். நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் அண்ணனின் ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டான். "இனிமே வர வேண்டாமாம்" என்றான்.

வீட்டுக்கு வந்தோம். முன்னறையில் அண்ணி ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் மற்றொன்றில். கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் மாடிக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

"கண்ணு செவந்து வந்தீங்களே அன்னிக்கு" என்றாள் அண்ணி. "ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"என்னது?"

"ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கிக் கேட்டே. கண்ட கண்டவன்கிட்டல்லாம் கேட்டே. என்கிட்ட ஒரு நாளாவது கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அண்ணி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "தெரியும்" என்றாள். "கேட்டா நீங்க சொல்லிடுவீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் பயந்தேன். அப்புறம் உங்களை எப்படி நான் வேலைக்கு அனுப்புறது?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்காதவள்போல் நானும் துண்டுகளை மடித்து வைத்தேன். போனது வேலைதானே, ஆள் கையில் இருக்கிறானே என்று ஒரு நிம்மதி மெல்ல வந்தது. அண்ணிக்கும் வந்திருக்க வேண்டும். எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

சட்டென்று கையை எடுத்தாள்.

"இப்ப அங்க யாரு?"

"எங்க?"

"அந்த ரூம்லதான். உங்களை வர வேண்டாம்னுட்டாங்க. ஆய்வாளர் வர்றது நாளைக்கு. இப்ப இந்த நேரத்துல அங்க யாரு உக்காந்திருக்கா?"

அண்ணன் நிமிர்ந்தான். "புதுசா சேர்ந்த அந்த ஒல்லிப் பையன்தான். அவனுக்குத்தான் இன்னிக்கு ஷிப்ட். கூட்டத்துக்குக்கூட வரல."

"அவனுக்குச் சுவிட்ச் எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

அதற்குள் அவள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறே?"

"கம்பெனி கேட்டுல நின்னு கேக்கப் போறேன்."

"இரு" என்று எழுந்தான் அண்ணன், இன்னும் அந்தப் பனியனோடு. "நானும் வர்றேன்."