ரம்புட்டான் கடையில் இடப்பக்கம்

என் சித்தப்பா எழுதிய புத்தகம் இப்படித் தொடங்கும்: ‘ஐந்தருவி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, ரம்புட்டான் கடையில் இடப்பக்கம் திரும்பவும்.’

குற்றால மலையடிவாரத்தில் கால் போன போக்கில் நடக்க விரும்புகிறவர்களுக்கான வழிகாட்டி அது. எங்கள் வீட்டிலிருந்து வெளிவந்த முதல் புத்தகமும் அதுதான். தாத்தா போலீஸ், பெரியப்பா போலீஸ், அப்பா தென்காசியில் ஏட்டு. சித்தப்பாவும் போலீஸ் தேர்வுக்குப் போனார். ஓடச் சொன்ன இடத்தில் மூச்சு வாங்கி நடந்துவிட்டார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டம் கைவிட்டதும் மனிதர் நடையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சீசன் முழுவதும் குடையும் கையுமாக அலைந்து அந்தப் புத்தகத்தை எழுதினார். ‘அருவிச் சத்தம் வலது காதில் கேட்கும்படி நடக்கவும்’ என்று ஒரு வரி. ‘மிளகாய் பஜ்ஜி வாசனை வந்ததும் மேட்டில் ஏறவும்’ என்று இன்னொன்று. எனக்கு அந்த வரிகள் மனப்பாடம். உலகத்திலேயே சிறந்த புத்தகம் அதுதான் என்று ஐந்தாம் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தியது அம்மா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், தமிழ் எம்.ஏ., வாய் மட்டும் வக்கீல் வாய். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ஏன் தம்பி, பூராவும் கடையால்லா இருக்கு. பங்குனியில ஒரு ஆளு வந்தா இந்தக் கடையெல்லாம் எங்கன இருக்கும்?”

“பங்குனியில எவன் மதினி குத்தாலத்துக்கு வருவான்?” என்று சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. ஆனி பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலம், தண்ணீர் நின்றால் குற்றாலம் இல்லை. பங்குனி வெயிலில் ஐந்தருவிக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அம்மா பென்சிலை எடுத்து ஒற்றெழுத்துகளைச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

புத்தகம் அடுத்த ஆடியில் வெளிவந்தது. வாங்கியவர்களில் பாதிப்பேர் அதை ஈரப் பாறையில் விரித்து உட்காரப் பயன்படுத்தினார்கள். மீதிக் கட்டுகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்தன. தைப்பொங்கல் முடிந்ததும் அப்பா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

“சித்திரைக்குள்ள இது காலியாகணும்லே. இல்லைன்னா மாமா கடைக்குப் பேசாம ரயில் ஏறிரு.”

மாமா கடை என்பது சென்னையில் பலசரக்குக் கடை. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் என்னிடம் பேசுவதே விசாரணை மாதிரிதான் இருக்கும். எங்கே போனே, யாரோட போனே, ஏன் லேட்டு? சித்தப்பா ஒருவர்தான் ‘என்ன பாத்தே?’ என்று கேட்பவர். அவரும் போய்விட்டால் நான் பார்த்ததை எல்லாம் யாரிடம் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து போன் வந்தது. பணி ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து ஒரு நடைக்குழு வைத்திருந்தார்களாம். புத்தகத்தைப் படித்தார்களாம். சீசன் நெரிசல் தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, பங்குனியில் வருகிறோம், நீங்களே கூட நடந்து காட்டுங்கள், பிடித்திருந்தால் மற்ற குழுக்களுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். சித்தப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “தாராளமா வாங்க சார்!” என்றார். போனை வைத்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “பங்குனியிலயா?” என்று மட்டும் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் வேனில் வந்து இறங்கினார்கள். தொப்பியும் ஊன்றுகோலுமாக ஏழெட்டுத் தாத்தாக்கள், இரண்டு பாட்டிகள். அவர்களுக்குத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். சாப்பாடு எங்கள் பொறுப்பு என்பதால் அம்மா பெரிய தூக்குவாளியில் புளியோதரையோடு வந்தாள். பள்ளிக்கூடம் இல்லை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஐந்தருவியில் இறங்கியதும் மேனேஜர் புத்தகத்தைப் பிரித்து முதல் வரியில் விரலை வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். எதிரே கட்டவிழ்த்துப் போட்ட மூங்கில்கள். அதன்மேல் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

“ரம்புட்டான் கடை எங்கப்பா தம்பி?”

“இங்கனதான் சார் இருக்கும்.”

“இருக்கும்னா?”

“ஆனியில இருக்கும்.”

எனக்கே சுரீரென்றது. சித்தப்பா சமாளித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு தென்னந்தோப்பின் முள்வேலியும் வேலிக்குப் பின்னால் ஒரு நாயும் வந்தன. திரும்பி வந்து வேறொரு இடப்பக்கம் போனார். அது ஏதோ விடுதியின் பின்சுவரில் போய் முட்டியது. வலது காதில் கேட்க அருவிச் சத்தம் இல்லை. பஜ்ஜி வாசனை இல்லை. தண்ணீர் இருந்தால்தானே ஓடை, வெறும் கற்குவியலை எது என்று அவர் அடையாளம் காண்பார்? தன் ஊரிலேயே, தான் எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வழி தெரியாமல் நின்றார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தாத்தாக்கள் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பாட்டி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, “செங்கோட்டப் பக்கம் போயி பரோட்டா சாப்பிட்டுட்டு ஊரப் பாக்கப் போவோமா?” என்றார். மேனேஜர் புத்தகத்தை மூடினார். அந்தச் சத்தம் எனக்கு ரயில் கதவைச் சாத்தியது போலவே இருந்தது.

அப்போது அம்மா தூக்குவாளியைச் சித்தப்பாவின் கையில் திணித்தாள்.

“இதப் பிடிங்க தம்பி. ஐயா, எல்லாரும் எந்திரிங்க. எம் பின்னால வாங்க.”

“மதினி, உங்களுக்கு வழி...”

“வாளி சிந்தாமப் பாத்து வாங்க.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கற்குவியலுக்குள் இறங்கினாள். அதுதான் ஓடை. புத்தகம் அதைக் கடக்கச் சொன்னது. அம்மா கடக்கவில்லை, அதன் வழியாகவே மேலே ஏறத் தொடங்கினாள். சீசனில் முழங்காலளவு தண்ணீர் புரண்டு வரும் அந்தப் படுகை, பங்குனியில் படிக்கட்டு போல மலையை நோக்கிப் போனது. இரண்டு பக்கமும் மருத மரங்கள் நிழல் விட்டிருந்தன. காட்டிலாகா வேலி வலப்பக்கம் தள்ளியே இருந்தது. எந்தக் கல் ஆடும், எந்தக் கல்லில் உட்காரலாம் என்பதெல்லாம் அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள். பேச்சு வேறு நிற்கவில்லை.

“அந்தத் தட்டக் கல்லுல உக்காருங்கம்மா, ஆடாது. தம்பி, இத எழுதிக்கிட்டு வாரீங்களா? மனசுலயாவது எழுதிக்கிடுங்க.”

பாதி வழியில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் அம்மாவைப் பார்த்து வெற்றிலை வாயோடு சிரித்தார். “என்ன தாயி, இன்னைக்குக் கூட்டத்தோட வந்திருக்க?”

“வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுதீரு” என்று அம்மா நிற்காமல் நடந்தாள். பாவம், பெரியவருக்குக் கண் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஓடை முடிந்த இடத்தில் ஒரு பெரிய பாறை. அதைப் பற்றிச் சித்தப்பாவின் புத்தகத்திலும் உண்டு, ‘மேலே ஏறினால் எங்கும் மேகம், ஒன்றும் தெரியாது’ என்று. நாங்கள் ஏறிய அன்று மேகமே இல்லை. கீழே எல்லாம் தெரிந்தது. தென்காசிக் கோபுரம் தெரிந்தது. குளங்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. அவற்றுக்கு அப்பால் காற்றாலைகள் சுற்றின. செங்கோட்டையிலிருந்து கிளம்பிய ரயில் வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. பரோட்டா கேட்ட பாட்டி கைதட்டிவிட்டார். உடனே எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பா தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார். பிறந்து வளர்ந்த ஊரை அவர் அன்றுதான் முழுசாகப் பார்த்தார்.

“மதினி!” என்று ஒரு கத்தல் கத்தினார் பாருங்கள், மலை முழுக்கக் கேட்டிருக்கும். நானும் சேர்ந்து கத்தினேன். எனக்கு என் அம்மாவை நினைத்து மார்பு வெடித்துவிடும் போல இருந்தது. அம்மா ஒன்றும் கூச்சப்படவில்லை. “பங்குனியில எவன் வருவான்னு கேட்டீங்களே தம்பி, இவுகதான்” என்றாள். பாறை முழுக்கச் சிரிப்பு.

சாப்பிட்டு முடித்ததும் மேனேஜர் கேட்டார், இதற்கு மேலே பாதை எங்கே போகிறது என்று. பாறைக்குப் பின்னால் ஒரு காட்டு மாமரம் நின்றது. அம்மா அதைக் கை காட்டினாள்.

“அங்கனயோட முடிஞ்சிட்டு ஐயா. அதுக்கு அங்கிட்டு ஒண்ணுமில்ல.”

ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது. மரத்தைச் சுற்றிக்கொண்டு, ஆள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்று மேலே போனது. “அம்மா, அந்தா போகுதே...” என்று ஆரம்பித்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. “சும்மா கெடட்டி” என்று காதோடு சொல்லிவிட்டு, தன் பங்கு முறுக்கையும் என் கையில் வைத்தாள்.

வேனில் ஏறும் முன்பே அவர்கள் மொத்தமாகப் புத்தகம் கேட்டுவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் அந்த வாரமே பெருக்கித் துடைக்க முடிந்தது. அப்பா சென்னைப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. அடுத்த சீசனுக்குள் இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பாதி சாரல் காலம், சித்தப்பா எழுதியது. பின்பாதி வெயில் காலம், அம்மா எழுதியது. அட்டையில் தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் அது விற்கிறது, சித்தப்பாவும் தென்காசியிலேயேதான் இருக்கிறார்.

அம்மா எழுதிய பகுதியின் கடைசி வரி இது: ‘காட்டு மாமரத்துடன் பாதை முடிகிறது.’ அதை அச்சில் பார்த்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. ஊரே மெச்சிய நாளில் அம்மா ஒரு தப்பும் செய்துவிட்டாள், கண் முன்னால் கிடந்த பாதையைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். சித்தப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக ஒரு நினைப்பு எனக்கு.

நானும் அச்சன்புதூரில் வாழ்க்கைப்பட்டு, சீசன் வந்தால் விருந்தாளிகளுக்கு வடித்துக் கொட்டி, சீசன் போனால் விசாரணைகளுக்குப் பதில் சொல்லி, சில வருடங்கள் ஓடின. ஒரு பங்குனி நண்பகலில் வீட்டைப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தருவிக்குப் பஸ் ஏறினேன். ஓடையில் ஏறி, பாறையைத் தாண்டி, மாமரத்தைச் சுற்றி நடந்தேன். நான் பள்ளிக்கூடம் போன பிறகு, அப்பா ஸ்டேஷனுக்குப் போன பிறகு, அம்மா எத்தனை பங்குனிகள் தனியாக இங்கே வந்திருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சித்தப்பாவுக்காக ஓடையைக் கொடுத்தாள், பாறையையும் கொடுத்தாள். அதற்கு மேல் கொடுக்கவில்லை.

பாதை நன்றாகவே போகிறது. எங்கே போகிறது என்பதை நானும் சொல்வதாக இல்லை.