பாலாவியில் ஒரு குளிர்கோட்டு

பூச்சி உருண்டை வாசம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போகப் பார்க்கின்றன. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: பதினாறு வயதில், பாதிகூட விளங்காத ஓர் ஆங்கில நாவலுக்காக நான் சாகப் பார்த்தேன்.

உலகமெங்கும் பிள்ளைகளைக் கெடுத்ததாகப் பேர்பெற்ற நாவல் அது. பெரியவர்கள் எல்லோரும் வேஷக்காரர்கள் என்று வெறுத்துப்போய், பள்ளிக்கூடத்தை விட்டு நகரத்தில் தனியாக அலையும் ஒரு பையனின் கதை. எங்கள் மதுரங்குளிக்கு அதன் ஒரேயொரு பிரதிதான் வந்து சேர்ந்தது. முதல் சில பக்கங்களைக் கறையான் தின்றிருக்க, அட்டை மட்டும் தப்பியிருந்தது. அட்டையில் நீளக் கோட்டுப் போட்ட பையன் ஒருவன் காலரை உயர்த்திக்கொண்டு முதுகு காட்டி நின்றான். டியூஷன் வகுப்பில் நாங்கள் நான்கு பேர் அதை முறைவைத்துப் படித்தோம், அதாவது சுமந்தோம். ஒரே மாதத்தில் தலை சீவுவதை விட்டோம். கலியாண வீடு, பிரின்சிபலின் பேச்சு, தன் ஹார்ட்வெயார் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பார்த்து என் வாப்பா சிரிக்கும் சிரிப்பு, எல்லாமே எங்களுக்குப் "பம்மாத்து" ஆகிவிட்டது.

மற்ற மூவரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான்தான் ஒருபடி மேலே போய், சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்து அலுமாரியில் பூச்சி உருண்டைகளோடு தொங்கவிட்டிருந்த குளிர்கோட்டை எடுத்துப் போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டி, புத்தகத்தை உள்பையில் செருகி, புத்தளம் டவுனில் தனியாக அலைவதென்று ஒரு மார்ச் மாதத்து நண்பகலில் பஸ் ஏறினேன்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். பாலாவி செக்பொயின்டில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து, அப்பால் போய்த் திரும்ப ஏற வேண்டும். நூறுமுறை நடந்த வழிதான். ஆனால் உப்புப் பாத்திகளைத் தாண்டி வரும் காற்றே சுடுகிற நேரத்தில், தடித்த கோட்டைப் பூட்டிக்கொண்டு நிற்பவனைப் பார்த்தால் மற்றவர்களுக்கு என்ன தோன்றும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவேயில்லை.

முன்னால் நின்ற மீன்காரி திரும்பிப் பார்த்தாள். "மகன், இந்த வெயில்ல ஏன் இத போட்டீக்கிறீங்க?" என்று மெல்லக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், கூடையை அப்படியே விட்டுவிட்டு விலகினாள். பின்னால் நின்றவர்களும் விலகினார்கள். டவுன் முழுக்க அலைந்து தேட நினைத்த தனிமை எனக்குப் பாலாவியிலேயே கிடைத்துவிட்டது.

"அத் உஸ்ஸன்ன" என்றது ஒரு குரல். கையை உயர்த்தச் சொல்கிறார்கள். கோட்டைக் கழற்றிக் காட்டினால் தீர்ந்தது என்று நினைத்து நான் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். மூன்று துவக்குகள் என் நெஞ்சுக்கு நேராகத் திரும்பின. என்னை என்னவென்று நினைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. காற்சட்டை நனைந்தது. உலகத்தையே வெறுத்தவன் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு "வாப்பா" என்று கத்தினேன்.

பஸ்ஸின் பின்னால் பதுங்கியபடியே கண்டக்டர்தான் கெஞ்சினார், சிங்களத்தில்: "சேர், இது மதுரங்குளி ஹார்ட்வெயார் நானாட மகன். கொஞ்சம் புத்தகம் படிக்கும். வேற நோய் வருத்தம் ஒன்டும் இல்ல."

ஓர் இளம் சிப்பாயை என்னிடம் அனுப்பினார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியிருக்கலாம். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். மூன்றாவது பொத்தான் விரலிலிருந்து இரண்டு தடவை நழுவியது. உதடுகள் எதையோ முணுமுணுத்தன. வெடித்தால் என்னோடு போகப்போவது தான்தான் என்று அவனுக்குத் தெரியும். அந்த நடுக்கத்தில் பம்மாத்து எதுவும் இருக்கவில்லை.

உள்ளே இருந்தது வியர்வையில் ஊறிய புத்தகம் மட்டும்தான். என்னைக் கூட்டிப்போக வந்த வாப்பா, அங்கே நின்ற ஒவ்வொருவரையும் பார்த்து அந்தக் கடைச் சிரிப்பைச் சிரித்தார். நான் வீடு வந்து சேர்ந்தது அந்தச் சிரிப்பால்தான்.

இப்போது அந்த இடத்தில் வத்தகப்பழம் விற்கிறார்கள். மணல் மூட்டைகள் இல்லை, கோட்டும் இல்லை, வாப்பாவும் இல்லை. போன மாதம் என் மகள் அதே நாவலின் புதுப் பிரதியை வாங்கி இரண்டே நாளில் முடித்தாள். அவளிடம்தான் இந்தக் கதையை முதன்முறையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, எங்கள் பிரதியில் கறையான் தின்றிருந்த அந்த முதல் பக்கங்களைத் தன் புத்தகத்தில் புரட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, அந்தப் பொடியன்ட கோட்ட இதுலயே களவெடுத்துட்டாங்களே."