தண்ணீர் என்று நிறுத்திச் சொன்னேன்

என் மூத்த மகனுக்கு இரண்டு வயது நிறையவில்லை, அப்போது வந்தது அந்தக் காய்ச்சல். அறுபதுகளின் கடைசி. தளிக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரியில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த ஊர்க் குளிரும் ஒத்துவரவில்லை, சுற்றிலும் கேட்ட கன்னடமும் ஒத்துவரவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்த இடத்தில் உப்பு, புளி வாங்கக்கூடக் கையையும் காலையும் ஆட்ட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வரும். கன்னடம் கற்றுக்கொள்ளக் கூடாது என்று வீம்பாகவே இருந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா வைத்துக்கொள்வாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆனேக்கல் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் புருஷன் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி. அவள் தமிழையும் என் கன்னடத்தையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு முழு வாக்கியம் தேறாது. ஆனால் என் பிள்ளையை “மகு, மகு” என்று கொஞ்சிக்கொண்டு இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டாள். அதற்குப் பாஷை எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு உடம்பு சுட்டது. மறுநாள் கொதித்தது. வயிறும் போக ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன். டாக்டர் அவன் நாக்கைப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “மாத்திரை கிடக்கட்டும்மா, தண்ணிதான் முக்கியம். கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க. உடம்பு வத்திப்போச்சுன்னா இந்த வயசுப் புள்ள தாங்காது. போட்டு மூடவும் மூடாதீங்க” என்றார். தாங்காது என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அது எந்தத் தாய்க்கும் தெரியும். ராத்திரி முழுக்க ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். விடிந்தபோது சூடு கொஞ்சம் தணிந்திருந்தது.

அன்றைக்குப் பார்த்து இன்ஸ்பெக்டர் வருகிறார். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே ஓடிப்போய் லீவு கேட்டேன். “இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு லீவா? வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க டீச்சர்” என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். அந்த மனுஷன் நாசமாய்ப் போக என்று மனதார சபித்தேன். ஜெபம் பண்ணுகிற வாய்தான், இருந்தாலும் சபித்தேன்.

பிள்ளையை அக்கா கையில் கொடுத்தேன். ‘தண்ணி’ என்று எங்கள் ஊர் இழுவையில் சொன்னால் அவளுக்குப் புரியாமல் போய்விடுமே என்று, வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி புத்தகத் தமிழில் நிறுத்திச் சொன்னேன். “அக்கா, தண்ணீர். தண்ணீர் கொடுக்க வேண்டும். நிறைய.” அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “தண்ணீரா?” என்றாள். “ஆமாம், தண்ணீர்!” என்றேன் இன்னும் அழுத்தமாக. பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு, “ஆய்த்து டீச்சரம்மா” என்று தலையாட்டினாள். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன். அவள் வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே கருப்புக் கம்பளியால் என் பிள்ளையைக் கழுத்துவரை சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அசைத்து அசைத்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு வெடித்துக் கிடந்தது. கண் குழிவிழுந்திருந்தது. என்னைப் பார்த்து அழுதான், சத்தமும் இல்லை, கண்ணீரும் இல்லை. அடித்துணியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

“தண்ணி குடுத்தீயளா?” என்று கத்தினேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கம்பளியைப் பிய்த்து எறிந்தேன். தம்ளரில் தண்ணீரை மொண்டு பிள்ளை வாயில் வைக்கப் போனால், அவள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பேடா டீச்சரம்மா, பேடா! ஜ்வர வந்த மகுவுக்குத் தண்ணீரு ஆகாது! செத்துப்போகும்!”

“விடுங்க கைய! கொல்லவா பாக்கீய என் புள்ளய?” என்று அவளைத் தள்ளினேன். சுவரில் போய் இடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அவள் புருஷன் வயலிலிருந்து வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “எங்க பேச்சுல தண்ணீருன்னா பச்சத்தண்ணிம்மா. ஜில்லுன்னு இருக்கிறது. சும்மா தண்ணிக்கு நீருன்னுதான் சொல்லுவோம். காய்ச்சக்காரப் புள்ளைக்கு டீச்சரம்மா பச்சத்தண்ணி குடுக்கச் சொல்றாங்களேன்னு இவ பயந்து, ஒரு சொட்டுக்கூடக் குடுக்காம இருந்துட்டா.” நான் எவ்வளவுக்கு எவ்வளவு திருத்தமாகச் சொன்னேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு அது அவளுக்குக் கன்னடமாகவே கேட்டிருக்கிறது.

விளங்கிக்கொள்ள எனக்கு அப்போது நேரமில்லை. பிள்ளையை மடியில் போட்டு ஸ்பூனால் ஊற்றினேன். முதல் வாய் கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். அப்புறம் மெல்ல விழுங்கினான். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே ஊற்றினேன். நன்றாக இருட்டுவதற்கு முன் என் மடி நனைந்தது. ஒரு பிள்ளையின் மூத்திரத்துக்காக அப்படி அழுதவள் நானாகத்தான் இருப்பேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதுவரை அக்கா சுவரோரத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் புகட்டிய ஒவ்வொரு ஸ்பூனையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மெல்ல நகர்ந்து வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். ஈரமான என் சேலையைத் தொட்டாள்.

“பச்சத்தண்ணீருதானே குடுத்தே?”

“ஆமாக்கா. பானையில இருந்ததுதான்.”

“சாகலையே.”

“தண்ணி குடிச்சா யாரும் சாக மாட்டாங்கக்கா. குடிக்காட்டித்தான்.”

அவள் புருஷன் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தாள்.

“எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. ஜ்வர வந்துச்சு. நீரு, நீருன்னு அழுதுச்சு. யாரும் குடுக்காதேன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம ஒரே ஒரு லோட்டா தண்ணீரு குடுத்தேன். காலைல போயிடுச்சு.” மூச்சு வாங்கினாள். “ஊரெல்லாம் நான்தான் கொன்னேன்னு சொல்லுச்சு. இவரும் சொன்னாரு.”

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

“அப்போ, நான் கொல்லலையா டீச்சரம்மா?”

“இல்லக்கா” என்றேன். அவளுக்கு அது போதவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீம்பெல்லாம் எங்கே போனதோ, காதில் விழுந்து விழுந்து ஒட்டியிருந்த கன்னடத்தைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன். “நீவு கொல்லலில்ல அக்கா. நீவு கொல்லலில்ல.”

அவள் வாய்விட்டு அழவில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கித் தன் மடியில் கிடத்தினாள். தம்ளரை எடுத்தாள், அவன் நெஞ்சில் கொஞ்சம் சிந்தியது. இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.