ஆறரை மணி ஆயில்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் மனைவி சொல்லிவிடுவாள். இரண்டு முறை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். முதல் முறை கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி துள்ளிப்போய் ஒரு பால் பூத்தின் தட்டியைச் சாய்த்தது. இரண்டாம் முறை, சொல்லிக்கொடுத்தவரே கையெடுத்துக் கும்பிட்டு, "சார், உங்களுக்கு எலெக்ட்ரிக் டிரெயின்தான் சார் ராசி" என்றார். அதே ஸ்கூலில் அவள் பதினைந்தே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் டெஸ்டிலேயே லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஓட்டத் தெரியாவிட்டால் என்ன, காரைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அப்போது நாங்கள் மாடம்பாக்கத்தில் இருந்தோம். நான் தாம்பரத்தில் ரயிலேறி நகரத்துக்கு ஆபீஸ் போகிறவன். அவள் மேடவாக்கத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கார் வாங்குவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு பஸ், மறுபடியும் ஒரு ஷேர் ஆட்டோ. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். "இந்த வருஷத்தோட விட்டுடறேங்க" என்று வருஷா வருஷம் சொல்வாள். பிறகுதான் நாலு கை மாறிய ஒரு வெள்ளைக் காரை வாங்கினோம். சின்ன வண்டி, கதவைச் சாத்த இரண்டு தடவை அடிக்க வேண்டும். ஆனால் அது வந்த பிறகு அவள் வாசலில் நுழையும்போதே ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

ஓட்டுவது அவள் பொறுப்பு, பராமரிப்பு என் பொறுப்பு என்று நானே பிரித்துக்கொண்டேன். காரோடு வந்த கையேட்டை மூன்று முறை படித்தேன். ராத்திரி முழுக்க வண்டி ஓய்ந்து நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால்தான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடு இட்டேன். அன்றிலிருந்து ஆறரை மணி என்றால் நான் கார் முன்னால் நிற்பேன். பானெட்டைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கம்பியில் இரண்டு கோடு இருக்கும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது, கீழ் கோட்டுக்கு இறங்கக் கூடாது. எங்கள் கார் எப்போது பார்த்தாலும் கீழ் கோட்டுக்கும் கீழேதான் இருக்கும். உடனே அரை டம்ளர் ஊற்றுவேன். இரண்டே நாளில் மறுபடியும் குறைந்திருக்கும். மறுபடி அரை டம்ளர்.

நாலு மாதத்தில் வண்டி புகைவிட ஆரம்பித்தது. சும்மா இல்லை, நீலப் புகை. அவள் தெருமுனை திரும்பிய பிறகும் புகை எங்கள் வாசலிலேயே நிற்கும். எதிர் வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "டீச்சர், பின்னாடி தெருவுல கொசு ஜாஸ்தியாம், அங்கயும் ஒரு ரவுண்டு அடிச்சுட்டுப் போங்க" என்பார். தெருவே சிரிக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் பெற்ற பிள்ளையைச் சொன்னது போல அந்த அக்காவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். வண்டி ஆயிலைக் குடிக்கிறதென்று தெரிந்துவிட்டதால், இன்னும் கவனமாக ஊற்றினேன்.

பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு மெக்கானிக்கிடம் அவள் காட்டியிருக்கிறாள். அவர் ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை மிதிக்கச் சொல்லி, புகையைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் உள்ள தேஞ்சுபோச்சும்மா. இறக்கி முழுசா வேலை பண்ணணும். அதுக்கு வண்டிய வித்துடலாம்" என்று சொல்லிவிட்டார். எஞ்சினை இறக்கி வேலை செய்கிற வசதி எங்களுக்கு அப்போது இல்லை. பழைய வண்டி வாங்குகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்திலோ, அடுத்த வருஷம் தொடர்கிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடைத்தாள் கட்டை மேஜையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "கார் இல்லாம என்னால முடியாதுங்க. மறுபடியும் மூணு வண்டி மாறி போற உடம்பு இல்ல. இல்லைன்னு சொல்லிடறேன்."

"அவசரப்படாதே."

"அவசரம் இல்லைங்க. எட்டாங்கிளாஸ்ல கணக்குன்னாலே அழுத பொண்ணு இப்ப பத்தாவது. அடுத்த வருஷம் பிளஸ் ஒன்னுல அவ மேத்ஸ் எடுக்கறாளாம். அவளுக்கு நான் எடுக்க மாட்டேன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. மூக்கை உறிஞ்சும் சத்தம்கூட வரவில்லை. எனக்கு அந்தக் காரின் மேல் வந்ததே ஆத்திரம், எட்டி ஓர் உதை விடலாம் என்று இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விற்கிறதற்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். கேம்ப் ரோடு பக்கம் ஒரு சின்ன ஷெட். மெக்கானிக் அண்ணன் சாவகாசமாக டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தார். புகையைப் பார்த்து அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மீட்டரைச் சொருகி, அவளை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற மீட்டராம்.

"இன்னாக்கா, எஞ்சின் எறக்கணும்னு எவன் சொன்னான்? மூணு சிலிண்டரும் சூப்பரா அடிக்குது. உள்ள தேஞ்சிருந்தா முள்ளு இவ்ளோ மேல ஏறாது."

"அப்ப ஆயில் எங்கண்ணா போகுது?" என்று கேட்டாள்.

அவர் எஞ்சினுக்குக் காற்று போகிற டப்பாவைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தார். "பாருங்க, பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரி ஊறிகினு கீது. காத்து போற எடத்துல ஆயிலுக்கு இன்னா வேல?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். பிறகு அளவுக் கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்தார். மேல் கோட்டுக்கு மேலே மூன்று விரற்கடை உயரத்துக்கு ஆயில் பளபளத்தது.

"ஆயில் கொறையலக்கா. ரொம்பி வழியுது. யாரு ஊத்தறது?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான். தினமும் காலைல ஆறரைக்குப் பார்ப்பேன். ஒரு நாள் தவறினதில்ல. இன்னைக்குக்கூட ஊத்தினேன்" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன், அதுதான் கொடுமை.

"காலைல பாக்கச் சொல்ல கம்பில எவ்ளோ இருந்துச்சு சார்?"

"கீழ் கோட்டுக்கும் கீழ! நீங்க சொல்றதுக்கு சான்ஸே இல்ல. என் கண்ணால பார்த்தேன்!" குரலை உயர்த்திவிட்டேன். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "வூட்ல வண்டி எப்டி சார் நிக்குது?"

எப்படி நிற்கும்? பெருமழை வந்த வருஷம் தெருத் தண்ணீர் ஹாலுக்குள் புகுந்து, கட்டில் காலைத் தொட்டது. அது வடிந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம்: வாசலை இரண்டரை அடி உயர்த்தி, தெருவுக்கு ஒரு சரிவு போட்டுவிட்டோம். உள்ளே கார் நிற்க இடமில்லை. அந்தச் சரிவில்தான் மூக்கை வீட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பாதி காலியான ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துப் படுக்க வைத்து, மூடிப் பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் எல்லாம் அடிப்பக்கம் ஓடியது. "இதான் சார் உங்க வண்டி. மூஞ்சி மேல, பின்பக்கம் கீழ. ஆயில் பூரா பின்னாடி போயிடுச்சு. கம்பி முன்னாடி கீது. காலியான பக்கத்துல கம்பிய வுட்டுப் பாத்து, கொறைஞ்சுபோச்சுன்னு ஊத்திகினே இருந்துக்கிறீங்க. அளவுக்கு மேல ஊத்தினா உள்ள சுத்தற தண்டு மோர் கடையற மாதிரி கடைஞ்சுடும். அது ஆவியா ஏறி, இந்த டியூப் வழியா காத்தோட போயி எரிஞ்சு பொகையா வருது. எரிஞ்சு கொறையுது, நீங்க மறுபடி ஊத்தறீங்க. வண்டி இன்னா சார் பண்ணும், பாவம்!"

நான் காருக்குள் புகுந்து கையேட்டை எடுத்தேன். நான் சிவப்பு மையில் அடிக்கோடு இட்ட அதே வாக்கியத்தின் முதல் பாதி: 'வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி.' அதற்குக் கீழே கோடு இல்லை. அந்த மூன்று வார்த்தைகளை மூன்று முறையும் படித்திருக்கிறேன். என் வாசல் சமதளம் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் அதிகமாக இருந்த ஆயிலை ஒரு தட்டில் வடித்தார். நிறைய வந்தது. புது ஃபில்டர் போட்டு, அளவைச் சரிபார்த்து, "உள்ள ஒட்டிகினு கீறதெல்லாம் எரியணும்க்கா. நேரா ஒரு முப்பது கிலோமீட்டர் அழுத்திட்டு வாங்க. பொகை நின்னுச்சுன்னா வண்டி உங்களுது. நிக்கலைன்னா மறுபடி கொண்டாங்க" என்றார்.

எங்கே போவது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. பல்லாவரம் போய்த் திருநீர்மலைப் பக்கம் திருப்பினாள். நான் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பின் கண்ணாடி வழியாகப் புகையையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் ஐந்து கிலோமீட்டர் வழக்கம்போல நீலமாக வந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் கையை வீசித் திட்டிக்கொண்டே முந்திப் போனார். பிறகு கொஞ்சம் மெலிந்தது. "வருதா?" என்றாள். "வருது. ஆனா கம்மி." கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "வருதா?" "லேசா." மலையடிவாரம் போய், வந்த வழியே பாதி தூரம் திரும்பி, மறுபடியும் மலைப் பக்கம் போனோம். கோயில் குளத்துப் பக்கம் வந்தபோது, "வருதா?" என்று அவள் மூன்றாம் முறை கேட்டாள். பின்னால் சாலையும், ஒரு மாடும், வெயிலும்தான் தெரிந்தன.

"ஒண்ணுமே வரலடி!" என்று கத்திவிட்டேன். அவள் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, பழைய வண்டிக்காரருக்கு உடனே போன் போட்டு, "விக்கலைங்க, மன்னிச்சுக்கோங்க" என்றாள். பிறகு என்னிடம், "திங்கக்கிழமை சரின்னு சொல்லிடறேன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சிரிக்க முடியவில்லை. இந்தக் காரில் எனக்கென்று இருந்தது அந்த பானெட் ஒன்றுதான். அதிலும் நான் செய்த காரியம் அவள் வேலையையே பறிக்கப் பார்த்திருக்கிறது. "நாலு மாசமா என் கையாலயே உனக்கு ஆப்பு வச்சிருக்கேன். இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன், என்னை மன்னிச்சுடு" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கீழ நிக்கறத தினமும் கிச்சன் ஜன்னல்லேர்ந்து பார்ப்பேன். மேடவாக்கத்துல ரெண்டு தண்ணி லாரிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நெஞ்சு அடிச்சுக்கறப்ப எல்லாம், ஒண்ணும் ஆகாது, மனுஷன் பார்த்துதான் அனுப்பியிருக்காருன்னு சொல்லிப்பேன். அந்த தைரியத்துலதாங்க இத்தனை நாள் ஓட்டினேன்" என்றாள். பிறகு கியரைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆயில் ஊத்தறத நிறுத்துங்க. எழுந்திருக்கறத நிறுத்திடாதீங்க."