உள்ளங்கைச் சீனி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள், பாதி மறந்தும் போயிற்று. பள்ளிக்கூட விழா மலருக்குக் கோடைக்கானலின் பெரிய மனிதர்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னதால், ரோஜா ஐயாவைப் பற்றித் தெரிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பிய பிறகு, இங்கே மலையில் பூண்டிப் பக்கம் ஒரு பண்ணையில் தகரக் கொட்டகையில் இருந்தோம். மழைக்கு முன்னால் காலி செய்யும்படி மேனேஜர் சொல்லிவிட்டார். போக்கிடம் கிடையாது. ரோஜா ஐயா ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் கேட்பார் என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

ரோஜா ஐயாவை மலையில் தெரியாதவர் இல்லை. மலர்க் கண்காட்சியில் அவர் ரோஜாவுக்குத்தான் பரிசு. கோட்டில் பூ இல்லாமல் மேடை ஏற மாட்டார். மந்திரிமார் வந்தால் அவர் வீட்டில்தான் காப்பி.

“அவரும் நானும் ஒரே தேத்தண்ணி குடிச்சவங்கக்கா.”

“ஆமா, கவர்னரு ஒனக்குச் சம்பந்தி” என்றாள் அம்மா.

மாமா முன்பு ஒருமுறை நிலம் வாங்கியாயிற்று என்று எங்களைப் பாச்சலூர் வரை நடக்கவிட்டு, அடுத்தவர் வாழைத்தோப்பைக் காட்டியவர். அதனால் அம்மா துணைக்கு அனுப்புவதுபோல் என்னை வேவுக்கு அனுப்பினாள். “அவன் என்ன பேசுறான்னு காதுல வாங்கிட்டு வெரசா வா.”

ஐயா தன் வீட்டு வாசலில் நின்ற மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். “ஒன்னைய நான் பாத்ததே இல்லையேப்பா.”

எனக்கு ஆச்சரியமே இல்லை. தூறல் விழுந்ததால் உள்ளே விட்டார். சமையல்காரர் பால் டீ கொண்டுவந்தார்.

“பால் வேணாங்க. வெறுந் தேத்தண்ணியும் கையில கொஞ்சம் சீனியும் போதும்” என்றார் மாமா.

தோட்டத்தில் அதுதான் எங்கள் பழக்கம். சீனியைக் கலக்க மாட்டோம். உள்ளங்கையில் வைத்து ஒரு நக்கு, ஒரு மடக்கு. இங்கே உள்ளவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

ஐயா சிரிக்கவில்லை. தேத்தண்ணி வந்ததும் சமையல்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு சீனிக் கிண்ணத்தை இழுத்து, இடது உள்ளங்கையைக் குழித்துக் கொட்டிக்கொண்டு நக்கினார். கோட்டில் ரோஜா அப்படியே இருந்தது.

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“கண்காட்சிக்குத் தொட்டி தூக்க வந்தேங்க. நீங்க ரோஜாவ வெட்டுற பிடியப் பாத்தேன், அப்பிடியே எங்கப்பா கத்தி புடிக்கிற பிடி. ஒங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே தோட்டத்துல தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுனவங்க.”

ஐயா கையில் ஒட்டியிருந்த சீனியைத் தட்டிவிட்டார்.

“மேனேஜர்ட்டச் சொல்றேன். இனிமே இந்தப் பக்கம் வராத.”

திரும்பும் வழியெல்லாம் மாமா வாயே திறக்கவில்லை. வாய் ஓயாதவர் அவர். அதுவே எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: “ஐயா கையில வச்சுச் சீனி நக்குனாரும்மா.”

“புள்ளைக்குப் பசி மயக்கம்க்கா” என்றார் மாமா. “அவருக்கு என்னையத் தெரியவே தெரியாதாம். நாந்தான் சும்மா சொன்னேன். ஏதோ எரக்கப்பட்டாரு.”

அம்மா மாமாவை முழுதாக நம்பியது அன்று ஒருநாள்தான். எனக்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

மறுவாரம் மேனேஜரே வந்து இருந்துகொள்ளச் சொன்னார். பிறகு ஐயா ஜீப்பில் எங்களைக் கடந்தபோதெல்லாம் மறுபக்கம் பார்த்தார், மாமாவும் குனிந்துகொண்டார். ஐயா உதவியது பாசத்தாலா பயத்தாலா, மாமா கேட்டது உறவைச் சொல்லியா மிரட்டியா என்றெல்லாம் யோசிக்கும் வயதில்லை அப்போது எனக்கு. குட்டு வலித்தது, அவ்வளவுதான்.

இருவரும் இப்போது இல்லை. கோடைக்கானல் நகரில் ஐயா பெயர் வெட்டிய கல்லில் சொந்த ஊர் மதுரை என்றிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விசாரித்துப் பார்க்கவும். நான் சொன்னது சரியென்றால் மதுரையை அழிக்க வேண்டாம். பக்கத்தில் சிறிதாக எங்கள் தோட்டத்தையும் எழுதினால் போதும்.