விளக்கெண்ணெயில் நின்ற கார்

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த நவரட்ணம், 1936இல் ஒரு பழைய கார் வாங்கினார். அதை ஓட்டத் தோட்டத்து லாரிக்காரர் இருளாண்டியை அமர்த்திக்கொண்டார். லாரியின் பிரேக்கைக் கம்பி இழுக்கும். இந்தக் காரிலோ ஒரு கிண்ணத்தில் நிற்கும் எண்ணெய் குழாய் வழியே போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். இருளாண்டிக்கு அந்த எண்ணெய்மேல் நம்பிக்கை இல்லை.

ஒரு வியாழக்கிழமை அது காரைக் கைவிட்டது. மேட்டிலிருந்து இறங்கும்போது பெடல் தரைவரை போயிற்று. கிராணியின் மனைவி மனோரஞ்சிதம் காயப்போட்டிருந்த சேலைகளைச் சுருட்டிக்கொண்டு, செம்பருத்தி வேலிக்குள் புகுந்து கார் நின்றது.

"ஞாயிற்றுக்கிழமை தங்கா பத்துவுக்குப் போகவேணும். மகள் சந்திராதேவியின்ர சம்பந்த விசயம். நடந்தோ போறது?" என்றார் நவரட்ணம்.

மறுநாள் விடியற்காலையிலேயே இருளாண்டி பஸ் ஏறிப் பாச்சாங்கில் இருந்த சீன மெக்கானிக்கிடம் போனார். கசிந்த இடத்துக்கு மாற்று ரப்பர் கிடைத்தது. பிரேக் எண்ணெய் சிங்கப்பூரிலிருந்து வர இரண்டு வாரமாகும் என்றார் மெக்கானிக். எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிடாதே, உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப் பிரேக் இறுகிப்போகும் என்று மலாய் மொழியில் எச்சரித்தார். பிரேக் எண்ணெய் என்று டின்னில் வருவதே விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும்தான். அவசரத்துக்கு அவற்றையே சம அளவில் கலக்கலாம், ஆனால் விளக்கெரிக்கும் சரக்கு உதவாது, மருந்துக்குக் கொடுக்கும் சுத்தமான எண்ணெய்தான் வேண்டும் என்றார்.

அந்தச் சுத்தமான எண்ணெய் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஜாடி நிறைய இருந்தது. ஆனால் ஜாடிக்குச் சொந்தக்காரர் போல இருந்த, அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸர் குலமும் நவரட்ணமும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. டிரெஸரின் ஆடு கிராணியின் ரோஜாவைத் தின்றதுதான் பகைக்குக் காரணம். "அவனிட்ட மட்டும் கேட்டுப் போடாதை" என்பது கிராணியின் உத்தரவு.

ஆகவே இருளாண்டி நோயாளியாகப் போனார்.

"மூணு நாளா வயிறு இறங்கலைங்க. ஒரு போத்தல் விளக்கெண்ணெய் குடுத்தீங்கன்னா வீட்டுல வெச்சுக் குடிச்சுக்கிடுவேன்."

குலம் ஓர் அவுன்ஸ் அளந்து நீட்டினார். "இஞ்சையே குடி."

குடித்தார். அன்று மத்தியானம் முழுதும் அவரைக் கார் பக்கமே காணவில்லை. சாயங்காலம் கண்கள் குழிவிழ மறுபடி வந்து நின்றார்.

"இன்னும் இறங்கலைங்க."

குலம் இரண்டு அவுன்ஸ் ஊற்றினார். டம்ளரைப் பார்த்ததும் இருளாண்டியின் வைராக்கியம் உடைந்தது. "ஐயா, இது எனக்கில்லைங்க. காருக்கு."

டிரெஸர் சிரிக்கவில்லை. விவரம் முழுவதையும் கேட்டார். அளந்து கலக்கும் வேலை என்றதும் அவருக்குப் பகை மறந்துபோயிற்று. "சம அளவோ? வடிகட்டி, நல்லாய்க் கலக்கவேணும்" என்று சனிக்கிழமை காலையில், ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும் சேர்த்துக் கலந்த போத்தலோடு தாமே வந்துவிட்டார்.

இனி வேலை குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது. ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் அடியில் படுத்துத் திருகாணியைத் திறக்க, ஒருவர் கிண்ணம் வற்றாமல் ஊற்றவேண்டும். மிதிக்க நவரட்ணத்தைத் தவிர யாரும் இல்லை.

"மிதிங்கய்யா. அப்படியே புடிங்க. விடச் சொல்லலை லா" என்றார் இருளாண்டி காருக்கடியிலிருந்து.

பதினெட்டு வருடம் உத்தரவு போட்ட கிராணி மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருளாண்டி, கிண்ணத்தில எண்ணெய் இருக்கோ எண்டு அந்த மனிசனிட்டக் கேள்."

"இருளாண்டி, இருக்கெண்டு உன்ர கிராணியிட்டச் சொல்லு."

"நான் அடியில கெடக்கேன். எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே பேசிக்கிடுங்க, மூஞ்சியில ஒழுகுது."

பிறகு நவரட்ணம், "கால் விறைக்குது, குலம்" என்றார். "இன்னும் நாலு தரம்தான், அண்ணை" என்றார் டிரெஸர். மூன்றாம் சக்கரத்தில் குமிழி நின்றது. நான்காவதில் பெடல் கல்லாக இறுகியது.

ஞாயிற்றுக்கிழமை கார் ஒழுங்காக ஓடி, தங்கா பத்துவில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒழுங்காக நின்றது. வழியனுப்ப வந்த மாப்பிள்ளையின் தாய் சரோஜினி காரருகே குனிந்து முகர்ந்தார்.

"ஆருக்கு வயிறு சரியில்லை?"

நவரட்ணம் மனைவியைப் பார்த்தார். மனோரஞ்சிதம் இருளாண்டியைப் பார்த்தார். இருளாண்டி, "காருக்குத்தாங்க, இப்ப குணமாயிருச்சு" என்றார். சரோஜினி சிரித்தபடி உள்ளே போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் ஓமம் கொண்டுவந்து கொடுத்தார்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது.